ஈரக் கோணிக்குப் பின்னால்

"பொம்பளப் புள்ள காதுக்கு இதெல்லாம் எட்டாதும்மா, நீ கோணியப் புடி" என்றார் சித்தப்பா, எஞ்சின் சத்தம் கேட்கும் ரப்பர் டியூபுக்காக நான் கை நீட்டியபோது. "ஏன், கம்மல் போட்டதால அடைச்சிக்கிச்சா?" என்றேன். ஷெட்டே சிரித்தது, டியூப் மட்டும் வரவில்லை.

இன்று கூனிமேட்டில், நான் வாடகைக்கு எடுத்த கொட்டகையில், ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடையோடு பள்ளி நாளின் அந்தக் கோபமும் ஏறியது. மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே, இப்போது அகலச் சாலை ஓடும் இடத்தில்தான் சித்தப்பாவின் மெக்கானிக் ஷெட் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திறந்தால் உப்புக்காற்று புகாமலிருக்க வாசலில் நனைத்த கோணியைப் பிடித்து நிற்க வேண்டும். பள்ளி விட்டதும் அதுவே என் வேலை. இரட்டைக் கார்புரேட்டர் வண்டி வந்தால், டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, அவை காற்றை இழுக்கும் சீறல் ஒன்றுபோலாகும் வரை சித்தப்பா திருகுவார். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் சீறுவது கோணிக்குப் பின்னால் எனக்கே கேட்கும். சொன்னால் முறைப்பார்; பிறகு நான் சொன்ன பக்கமே திருகுவார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். "எஞ்சினியரிங் படிச்சா காது வளந்துடுமா?" என்று நேற்றும் போனில் சித்தப்பா சிரித்தார்.

கோணியை நனைத்து நானே வாசலில் கட்டிவிட்டேன். தனித்தனியே திருக, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தியாயிற்று. டியூப் என் காதில் இருக்கிறது.