படலையில் நின்றவரைத் திருப்பி அனுப்பினேன்

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். என் தங்கையின் மகள் சுகந்தி ஆசிரியையாகி, நீர்வேலியில் என் வீட்டில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கியபோது ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவளோ பள்ளியால் வந்ததும் அறைக்குள் போய் அழுவாள். "பாடம் விளங்காத பிள்ளையோடை இருந்தால், விளங்கினதுகள் அங்காலை சண்டை பிடிக்குதுகள் பெரியம்மா. என்னாலை ஏலாது, வேலையை விடப்போறன்" என்பாள். நான் தேநீரோடு வாசலில் நிற்பேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

ஒரு சனிக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்த நேரம், புது ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் அம்மா அவ்வழியால் வந்து வேலிப் படலையில் நின்றார்.

"சுகந்தி ரீச்சருக்கு வகுப்புக் கஷ்டமாக் கிடக்காம்..."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கடை பிள்ளைக்கோ? ஒரு குறையும் இல்லை. வேறை ஆக்களைப் போய்ப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

சுகந்தி கேள்விப்பட்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "நான்தானே பெரியம்மா அவவை வரச் சொல்லிக் கேட்டனான்!"

பிறகு அவளே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கில் பிள்ளைகளோடு அமர்ந்து பாடத்தைப் பார்த்தாராம். "நாளைக்கு ஒண்டை மட்டும் மாத்துவம். பிள்ளையள் உள்ளை வரேக்கை வாசலிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்றாராம். இன்றும் வந்து போகிறார்.

சுகந்தி இப்போதும் சில நாட்களில் அழுகிறாள். வேலையை விடும் கதை மட்டும் இல்லை. யாராவது "உங்கடை ரீச்சர் எப்பிடி?" என்று கேட்டால், "இன்னும் வேலை பழகிறாள்" என்கிறேன். அதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.