வரேன்க்கா

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி தெரு முழுக்க அவள் ‘வரேன்க்கா’. வைத்தது பம்ப் ரூமுக்கு வரும் பிள்ளைகள். பட்டப்பெயர் வைப்பதில் அதுகளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மெக்கானிக் கடையில் வேலை பார்ப்பவன் ஸ்பேனர். துணிக்கடையில் நாள் முழுக்கத் துணி மடிக்கிற, தூக்கத்தில்கூட வாய் ஓயாத பெண் ரேடியோ. மழை பிடித்ததிலிருந்து அவளுக்குச் சளி வேறு. ஒலிபரப்பில் மூக்குறிஞ்சலும் சேர்ந்துகொண்டது. வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிட்டுப் போகும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் அந்த அம்மா நம்மைச் சும்மா விடமாட்டார்.

வரேன்க்கா பெயருக்குக் காரணம் அவளே போட்ட ஒரு சட்டம். அந்த அறையிலிருந்து யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. நழுவப் பார்த்தால் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்துவாள். காலர் பிடிப்பது அவளுக்குப் புதிதில்லை. பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அவள் வேலையே காலர் வைப்பதுதான்.

“என்னடா சொன்ன?”

“கிளம்புறேன்க்கா.”

“அது இல்ல.”

“ஐயோ சாமி! போயிட்டு வரேன்க்கா, வரேன், வரேன். போதுமா?”

“போதும். ஓடு.”

ஆணோ பெண்ணோ, எல்லாரும் அவளுக்கு ‘டா’தான்.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே பம்ப் ரூம். தெருவுக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிய மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபின் சும்மா பூட்டிக் கிடந்தது. சும்மா கிடந்தால் என்ன ஆகும்? பின்பக்கம், குழாய்க் குழிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. மாத்திரை விழுங்கவும் ஊசி குத்திக்கொள்ளவும் அதைவிட வசதியான இடம் வேறெங்கும் இல்லை என்று ஆகிப்போனது. வரேன்க்காவின் தம்பியை அங்கிருந்துதான் தூக்கி வந்தார்கள். தூக்கும்போதே உயிர் இல்லை.

தெரு கூடி அழுதது. அப்புறம் தெரு கூடி, அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ள வேண்டும் என்று கத்தியது. அவன் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்.

“இடிச்சா வேற சந்துக்குப் போவாங்க, அவ்வளவுதானே?” என்றாள் அவள். “திறந்து விடுங்க. சாவிய எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்.”

குடியிருப்போர் சங்கம் வெள்ளையடித்துக் கொடுத்தது. யாரோ ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை தந்தார்கள், ஒரு கால் குட்டையாக. போதை மீட்பு உதவி எண்ணைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதினார்கள். சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு வருகிறவனைத் திட்டி விரட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், “பம்ப் ரூமுக்குப் போப்பா, அந்தப் பொண்ணு இருக்கும்” என்று அனுப்ப ஆரம்பித்தார். அப்படி வந்து, விட்டு, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்தவன்தான் ஸ்பேனர். ரேடியோவும் அப்படித்தான், வலி மாத்திரையில் தொடங்கி.

புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவள் தம்பி கதையைச் சொல்வாள். “தினமும் வரேன்க்கான்னுதான் சொல்லுவான். அன்னைக்கு மட்டும் போறேன்க்கான்னான். மெஷின் சத்தத்துல நான் கவனிக்கல. என் காது என்ன புடுங்கிட்டு இருந்துச்சோ!” சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். கேட்கிற பிள்ளையும் தலையைக் குனிந்துகொள்ளும்.

அறையைப் பெருக்குவாள், துடைப்பாள், மேஜையின் குட்டைக் காலுக்கு அட்டை வைப்பாள். பின்பக்கச் சந்துக்கு மட்டும் அவள் ஒரு நாளும் போனதில்லை. பந்து அங்கே விழுந்தாலும் பிள்ளைகள்தான் எடுத்து வர வேண்டும்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம், எல்லாரும் கிளம்பியபின் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பு தரையில் உரசியது. அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் கையிலிருந்த நாற்காலி அப்படியே நின்றது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சளித் தொந்தரவு. இருட்டில் அவன் எந்த மூலையில் இருக்கிறான் என்பதை அந்த உறிஞ்சலை வைத்தே சொல்லிவிடுவாள்.

வேறு யாராவதாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவள் சுவரில் காதை வைத்தாள்.

“சாப்பிட்டியாடா?”

சத்தம் நின்றது. சுவர் காதில் சில்லென்று இருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். “உள்ள வாடா கண்ணு. கதவு தொறந்துதானே இருக்கு? யாரும் திட்டமாட்டாங்க” என்று சுவரிடம் கெஞ்சினாள். அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்கும், பதில் வராது. நர்ஸிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் கொடுப்பார்கள், விளக்கம் கொடுத்தால் அவன் போய்விடுவான். சுவரோடு தனியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைச் சீக்கிரமாகக் கிளப்பவும் தொடங்கினாள். “சரி சரி, வரேன் சொல்லியாச்சில்ல, ஓடு” என்பாள், முகத்தைக்கூடப் பார்க்காமல். செத்தவனுக்காக, இருக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்பேனர் தோளில் பையோடு வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

“போறேன்க்கா.”

சொல்லிவிட்டு நிற்காமல் இறங்கி நடந்தான். பின்னாலேயே ரேடியோ வந்து, சல்யூட் அடித்து, “போயிட்டு வரேன்க்கா!” என்று கணீரென்று சொன்னாள். “சரி சரி, ஓடு” என்று அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு வரேன்க்கா ஸ்பேனர் பின்னால் ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் காலர் கையில் சிக்கியது.

“எங்கடா போற? கையில என்ன வச்சிருக்க? காட்டு!”

“ஐயோ அக்கா, விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க. வேலை கிடைச்சிருக்கு, வேற ஊர்ல பெரிய ஒர்க்‌ஷாப். பழைய சகவாசம் வேணாம், இந்தப் பக்கமே வராதேன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அப்புறம் எப்படி வரேன்னு சொல்றது? உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதுதான் அவன் பையிலிருந்து எட்டிப் பார்த்த டேபிள் டென்னிஸ் மட்டையைக் கவனித்தாள். சிவப்பு நாடா சுற்றிய கைப்பிடி. ரேடியோவினுடையது. அதை வேறு யாராவது தொட்டாலே ஊரைக் கூட்டுவாள்.

“இது எப்படி உங்கிட்ட?”

“அவதான் குடுத்தா. வச்சுக்கோ, இனிமே எனக்கு எதுக்குன்னா.” அவன் சிரித்தான். “நான் போறேன்னு சொல்லப்போறதக் கேட்டு, ‘லூசு, வரேன்னு சொல்லிடு, அக்கா கண்ண மூடிட்டு விட்டுடும்’னா. நாங்க எல்லாரும் அப்படித்தானேக்கா பண்றோம்?”

பஸ் வந்தது. அவனை ஏற்றிவிட்டாளா, அவனே ஏறினானா என்பது அவளுக்கு நினைவில்லை. இனிமே எனக்கு எதுக்கு. மழை பிடித்ததிலிருந்து சளி. மழை பிடித்ததிலிருந்து சுவருக்குப் பின்னால் அந்த உறிஞ்சல். ‘அடிப்பாவி’ என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள். ஓடிக்கொண்டே நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“திட்டாதீங்க, தனியா விடாதீங்க,” என்றது நர்ஸின் குரல். “ஏதாவது முழுங்கியிருந்தா தூங்க விடாதீங்க. வண்டியோட வந்துட்டே இருக்கேன்.”

சந்து முனையில் அவள் கால் நின்றுவிட்டது. தம்பியின் ஒற்றைச் செருப்பு கிடந்த இடம் அது. உள்ளே போனால் அவன் இன்னும் அங்கே கிடப்பான் என்று மனம் அடித்துச் சொன்னது. அப்போது உள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

உயிரோடு இருக்கிறவர்கள்தான் மூக்கை உறிஞ்சுவார்கள். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

உள்ளே போனாள். ரேடியோ குழாய்க் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மூடிய கைக்குள் ஒரு காகிதப் பொட்டலம்.

“மாத்திரை உள்ள போயிடுச்சா?”

“இன்னும் இல்ல.” வழக்கமாகக் காது கிழியப் பேசுகிறவளின் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “நீங்க வராத இடம் இது ஒண்ணுதானேக்கா. அதான் இங்க உக்காருவேன்.”

“தினமுமா?”

“முதல்ல மாத்திரைக்காகத்தான் வந்தேன். அப்புறம் நீங்க கூப்பிட்டீங்க. சாப்பிட்டியாடா, உள்ள வாடா கண்ணுன்னு. மறுபடி ஆரம்பிச்சுட்டேன்னு தெரிஞ்சும் திட்டாம கூப்பிடறாங்களேன்னு அழுகையா வரும். நாளைக்கு உள்ள போயிடலாம், நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடலாம்னு நெனச்சுட்டே இருந்தேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நேத்து ‘தம்பி’ன்னு கூப்பிட்டீங்க. அப்பதான் தெரிஞ்சுது, எனக்கில்லன்னு.”

வரேன்க்கா அந்த ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்லத் தெம்பில்லை.

“அவன் போறேன்னு சொல்லலடா,” என்றாள்.

“யாரு?”

“எந்தம்பி. அன்னைக்கும் வரேன்க்கான்னுதான் சொன்னான். சிரிச்சுட்டே, எப்பவும் போல. நான்தான் தலைய நிமிர்த்தல. போறேன்னு சொன்னான்னு நானா வச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தைய கவனிக்காம விட்டேன்னா தாங்கிக்கலாம். அவன் முகத்தையே பாக்கலன்னா எப்படி தாங்கறது? இப்ப உன் முகத்தையும் பாக்கல.”

இப்போது பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், வெடித்த உதடு, பல நாள் வாராத தலை. கையை நீட்டினாள். ரேடியோ வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பொட்டலத்தை அதில் வைத்தாள்.

தெருவில் வண்டியின் ஹாரன் கேட்டது. வரேன்க்கா எழுந்து நின்று, ஒரு கணம் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு சந்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இத்தனை நாளும் யாரும் இருந்ததில்லை. தம்பி அவளுக்கு அன்று இரண்டாம் முறை செத்தான்.

“எந்திரிடா.”

“நர்ஸம்மா கேள்வி கேப்பாங்க. வீட்டுல கொன்னுடுவாங்க. நீங்க முன்னாடி போங்கக்கா.” ரேடியோ பழக்கதோஷத்தில் சிரிக்கப் பார்த்தாள். “நான் வரேன்.”

அவள் மணிக்கட்டை வரேன்க்கா இறுகப் பிடித்தாள்.

“நீ வர வேணாம்டா,” என்றாள். “நான் வரேன், உன்கூட. நட.”