கராம்பெண்ணெய் பூசிய ஐந்து நாட்கள்

என் மனைவியை வைத்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ பகிடி எழுதிவிட்டேன். இந்த வாரம் பகிடி வரவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை கேதாரகௌரி விரதத்தின் கடைசி நாள். கோயிலில் காப்புக் கட்ட வரிசையில் நின்றவள், அப்படியே தூணோடு சரிந்துவிட்டாள். விரதக் களைப்பென்று பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் — மாரடைப்பு.

அவள் நெஞ்சைப் பிடிக்கவே இல்லையே?

பிடித்தவன் நான். இரண்டு வருசத்துக்கு முன், கொழுக்கட்டை சாப்பிட்ட கையோடு. ஒழுங்கைச் சனமே கூடி என்னை ஓட்டோவில் ஏற்றியது. கடைசியில் வெறும் வாய்வு. ஆனாலும் அன்றிலிருந்து அவள் கௌரி விரதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு — என் ஆயுளுக்காக.

இந்த முறை பதினாறாம் நாள் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, தாடை உளையுது. பல்லுக்கொதி மாதிரிக் கிடக்கு, ஆனால் பல்லிலை இல்லை." மானிப்பாய்க்குச் சைக்கிளில் போய்க் கராம்பெண்ணெய் வாங்கிவந்து நானே பூசிவிட்டேன். நல்ல புருசன் அல்லவா?

அடுத்த நாள் முதுகு. பிறகு வியர்வை, குமட்டிக்கொண்டு ஓங்காளம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. வியர்த்தால், நாற்பத்தொன்பது வயது — மாதவிலக்கு நிற்கிற காலம். ஓங்காளித்தால், வெறும் வயிறு. அந்த வெறும் வயிற்றில் கூடாதென்று தன் பிறசர்க் குளிசையையும் நிறுத்தியிருந்தாள். என்னுடையதை மட்டும் நேரம் தவறாமல் எடுத்துத் தந்தாள்.

ஆண் நெஞ்சைப் பிடித்தால் ஊரே ஓடிவருகிறது. பெண் களைத்தால்? "கொஞ்சம் படுத்து எழும்பும்" என்கிறோம். நானும் அதைத்தான் சொன்னேன்.

டொக்டர் என் மகளின் வயதுப் பிள்ளை. ஏசவில்லை. "ஐயா, ஆம்பிளையள் கனபேருக்கு நெஞ்சிலை வாறது, பொம்பிளையளுக்குச் சிலவேளை தாடையிலை, முதுகிலை, வெறும் களைப்பா வரும். தாடை உளைஞ்ச அண்டைக்கே கொண்டு வந்திருக்கலாம்" என்றார். இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டதாம். இனி நாலு படி ஏறினாலும் மூச்சு வாங்குமாம்.

அம்பாளிடம் எனக்கு மனவருத்தம் இல்லை. ஐந்து நாள் அம்பாள் அந்தத் தாடையைத் தட்டித் தட்டி எனக்குச் சொன்னாள். அதன்மேல் எண்ணெய் பூசியவன் நான்தான்.

நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மெல்லக் கேட்டாள். "எனக்கு இனி விரதம் கூடாதாம். உங்களுக்காக ஆர் பிடிக்கிறது?"

"வாற வருசம் நான் பிடிக்கிறன். உமக்காக."

"உங்களுக்குப் பசி தாங்காதப்பா."

பசியைத் தாங்கலாம்... அந்த ஐந்து நாட்களைத்தான் தாங்க முடியவில்லை.