ஸ்ட்ராபெரியின் வாய்க்குள் விட்ட கை

துலுக்கானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். அதனால் என்னிடம் யாரும் நயமாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் எங்கள் பண்ணை. ஆறு ஏக்கர். முதலாளி ஹேமநாதனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் மட்டும் விளைந்த நிலம். இப்போதும் விளைகிறது. ஆனால் பண்ணையைத் தாங்கிப் பிடித்திருப்பது சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். நாற்று நடுவார்கள், கடலை பிடுங்குவார்கள், மாட்டுக்குப் பழம் ஊட்டுவார்கள். ஃப்ளாட்காரர்களைக் கூப்பிட்டு ஆடியில் கூழ் ஊற்றுவோம், தையில் பொங்கல் வைப்போம். நாகவல்லி என்கிற நான் அங்கே சமையல். மாட்டுக்கொட்டகையும் வாசல் கேட்டும் துலுக்கானத்தின் பொறுப்பு.

அறுபத்திரண்டு வயது மனுஷன். அவருடைய அப்பா இதே நிலத்தில் ஏர் ஓட்டியவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் விஜி அண்ணனூரிலிருந்து வந்துடுப்பா, வந்துடுப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போவார். இரண்டாம் நாளே கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வந்து பாயை விரிப்பார். "அந்த ஊட்ல இன்னா கீது நாகு? நாலு செவுரு, ஒரு டிவி" என்பார்.

வாரம் முழுக்க அழுக்குக் கைலியும் பீடியுமாகத் திரிகிற ஆள், சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார். பிள்ளைகளை வட்டமாக நிறுத்துவார்.

"கண்ணுங்களா, மாட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லு எத்தினி? சொல்லுங்க பாப்போம்!"

எட்டு, பன்னிரண்டு, முப்பத்திரண்டு என்று கத்துவார்கள். அவர் செவலைப் பசுவின் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டுக் காட்டுவார். "ஒண்ணு கூட கெடையாது! வெறும் எகிறுதான். வாங்க, தொட்டுப் பாருங்க!" தைரியமுள்ள பிள்ளைகள் விரலை நீட்டித் தொட்டுவிட்டு, ஐயே என்று கூவிக்கொண்டு ஓடும். அந்தப் பசுவுக்கு ஸ்ட்ராபெரி என்று பெயர் வைத்ததும் பிள்ளைகள்தான். பண்ணை நோட்டீஸில் மாட்டின் வாயில் கை விட்டபடி அவர் சிரிக்கும் படம் இருந்தது. அதைக் கிழித்துத் தன் அறைக் கதவில் ஒட்டிவைத்திருந்தார்.

ஆடிக் கூழ் ஞாயிறன்று கார்கள் வந்துகொண்டே இருந்தன. கேட்டை மூடச் சொல்லி இரண்டு முறை கத்தினேன். காதில் வாங்காமல் பம்பை அடிப்பதைப் பார்க்கப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் ஒரு நாய் உள்ளே வந்தது. வாயெல்லாம் எச்சில். யாரையும் பார்க்கவில்லை, குரைக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் ஸ்ட்ராபெரியை மூக்குக்குப் பக்கத்தில் கவ்வியது. மாடு கத்தியதில் ஓடிவந்த அவரும் நானும்தான் கட்டையால் அடித்துத் துரத்தினோம். கூழ் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது.

காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். "ஆறிடும். தம்பிகிட்ட மூச்சு உடாத நாகு. கேட்டு என் பொறுப்பு. போன வருசம் மோட்டார் ரூம பூட்டலன்னு தசரதன அன்னிக்கே வேலைய உட்டு அனுப்சாரு, நெனப்பு கீதில்ல? எனக்குப் போக்கிடம் ஏது?"

நானும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

காயம் ஆறிவிட்டது. ஆறு வாரம் ஓடிப்போனது. ஆவணிக் கடைசியில் பனம்பழம் விழ ஆரம்பித்த சமயம், ஒரு வியாழக்கிழமை ஸ்ட்ராபெரி தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்த்தது.

"பனங்கொட்ட சிக்கிக்கினு கீது" என்றார். அந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். "வாயப் புடி நாகு."

காய் நறுக்கி விரலெல்லாம் கீறலாக இருந்த கையோடு தாடையைப் பிடித்தேன். அவர் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். முந்தின நாள் புல் அறுத்தபோது அரிவாள் பட்ட வெட்டு அவருடைய இரண்டு விரலில் இன்னும் சிவப்பாக இருந்தது. உள்ளே கொட்டையும் இல்லை, கொடியும் இல்லை. கையை வெளியே எடுத்து, கொழகொழவென்று ஒட்டியிருந்ததைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதன் குரல் மாறிவிட்டது. அது அம்மா என்று கத்தவில்லை, கரகரவென்று தொண்டை கட்டிய ஆம்பிளைக் குரலில் ஓயாமல் அலறியது. தொட்டியை முட்டியது.

"அண்ணே, அந்த நாயி..."

"கம்முனு கெட!" என்று பாய்ந்தார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. "நாளைக்கு அம்பது புள்ளைங்க வருது. அதுங்க வந்துட்டுப் போவட்டும். அப்பால நானே சொல்றேன்." அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஹேமநாதன் தம்பி பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். பாவி, அழுத்தவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு பஸ் வந்துவிட்டது. தம்பி அப்போதுதான் வந்து இறங்கி, மாட்டை எட்டிப் பார்த்தார். "வெயில்ல நுரை தள்ளுது. தண்ணி காட்டி ஓட்டினு வாங்கண்ணே. பசங்க வெயிட் பண்றாங்க."

துலுக்கானம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னங்கால் தள்ளாட வந்த மாட்டைக் கொட்டகை முன்னால் தூணில் இறுக்கிக் கட்டினார். ஷோபனா டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு வாழைப்பழம். முதலில் நின்றது கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை. நான் கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடினேன். ஓடினேனே தவிர, தொண்டையில் சத்தம் வரவில்லை.

"அங்கிள், இவளுக்கு மேல்பல்லே இல்லைதானே? எங்க அண்ணன் சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே அந்தக் குழந்தை கையை நீட்டியது.

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பழம் மண்ணில் போய் விழுந்தது.

"தொடாத! யாரும் கிட்ட வராதீங்க! போங்க, பஸ்ல ஏறுங்க!" என்று அலறினார். குழந்தைகள் மிரண்டு டீச்சரிடம் ஒண்டின. "தம்பி, நாய் கட்ச்ச மாடு இது. ஆடில கட்ச்சது. நான்தான் மறச்சேன். கேட்ட நான்தான் தொறந்து போட்டேன்."

தம்பி திரும்பி நின்று கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கால்நடை டாக்டர் வந்து பத்தடி தள்ளி நின்றே பார்த்தார். அறிகுறியெல்லாம் வெறிநோய்தான் என்றார். பிறகு, "இன்னிக்கு யாரும் தொடலை, சரி. போன சனிக்கிழமை யார் யார் தொட்டாங்க? நோய் வெளியே தெரியறதுக்கு சில நாள் முன்னாடியே எச்சில்ல இறங்கிடும்" என்று கேட்டார்.

துலுக்கானம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன சனிக்கிழமை ஆவடியிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அன்று அவர் குஷியில் இருந்தார். ஒருவர் விடாமல் எல்லோரையும் மாட்டின் ஈறைத் தொட வைத்திருந்தார். பயந்து பின்வாங்கியதுகளைக் கூட, "நான்தான் கூட கீறேனே, வா" என்று கையைப் பிடித்து இழுத்துத் தொட வைத்தார்.

அந்தச் சாயங்காலம் முழுக்கத் தம்பியும் பள்ளிக்கூடத்துக்காரர்களும் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டார்கள். மறுநாளே ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்றன. ஒரு அம்மா துலுக்கானத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் உலுக்க விட்டுக்கொண்டு நின்றார்.

அதிலும் பாருங்கள், நர்ஸ் கேட்டபோது, "நான் கயித்தத்தான் புடிச்சேன், எனக்கு ஊசி வாணாம்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "பொய்யி! மொழங்கை வரைக்கும் உட்டாரு சிஸ்டர். வெரல்ல வெட்டுக் காயம் கீது, பாருங்க!" என்று கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தேன். இந்த முறையாவது என் வாய் திறந்தது. வெட்டுக்காயத்திலேயே சுற்றிச் சுற்றி ஊசி இறக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். எனக்கும் போட்டார்கள். "மூணு நாள் ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பயமில்லை என்றும் சொன்னார். ஆனால் வரிசையில் நின்ற ஒரு கிழவர், சிலருக்கு மூன்று மாசம் கழித்துக் கூட வரும், முதலில் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்றார். அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஸ்ட்ராபெரி ஞாயிறு சாயங்காலமே செத்துப்போனது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். "ஊசியெல்லாம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் தம்பி சொன்னார். ஊசி முடிந்துவிட்டது. தம்பி இன்னும் பேசவில்லை. கதவில் ஒட்டியிருந்த படத்தைக் காணோம்.

முதல் ஊசி போட்ட நாளிலிருந்து காலையில் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்ப்பேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்ல வந்தேன், எட்டு மணி ஆச்சு என்று அங்கே நிற்பதற்கு ஏதாவது சாக்குச் சொல்லுவேன். அவரும் ஒன்றும் கேட்காமல் குடிப்பார். நான் டீ குடிக்க உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தாலும் வந்து எதிரில் குந்திக்கொள்வார். என்ன ரோதனை இது, நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடமாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலாக வரும்.

இன்றைக்கு ஐம்பத்தாறாவது நாள். சொம்பை நீட்டினேன். முதல் வாயிலேயே புரையேறி, கண் பிதுங்க இருமினார். எட்டி அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன்.

"வெறும் பொறதான், பயப்படாத" என்று மூச்சு வாங்கச் சொன்னார். மறுபடி சொம்பைத் தூக்கி, என் கண்ணெதிரே கடகடவென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "பாத்துட்டியா? எறங்கிச்சா? நீயும் குடி. நீ டீ குடிக்கறப்ப நான் தெனம் எதுக்கு வந்து குந்துறேன்னு நெனச்ச? நீயுந்தான் அன்னிக்கு வாயப் புடிச்ச."

எனக்கு உறைத்தது அப்போதுதான். அழுகையும் வந்தது, அவரை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இப்போது அதைத் திறந்து மூடுவது வேறு ஆள். சனிக்கிழமை பஸ் இன்றைக்குச் சீக்கிரமே உள்ளே வந்து நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கின. துலுக்கானம் எழுந்து பார்க்கவில்லை. காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நீ என்னப் பாக்கற, நான் உன்னப் பாக்கறேன். அந்த நாப்பத்தோரு புள்ளைங்களும் இன்னிக்குக் காத்தால தண்ணி குட்ச்சிருக்குமா நாகு?"