மூத்தவன் சொல்லணும்

மாவுப் பாக்கெட்டுகளைக் கடைகடையாகப் போட்டு முடிப்பதற்குள் நாகஜோதிக்கு இடுப்பு விட்டுப்போகும். திண்டுக்கல் நாகல் நகரில் விடியுமுன்பே கிரைண்டரைப் போட்டு, அரைத்து, அள்ளி, எடை போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் பைகளும் பின்னால் வாளியுமாக அவள் கிளம்பினால் எதிரே வருகிற ஆட்டோக்காரனும் ஒதுங்கி வழி விடுவான். மாவுக்கார அக்கா என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். பேரைச் சொன்னால் எந்த நாகஜோதி என்பார்கள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் செத்த நேரம் காலை நீட்டினால் தேவலை என்று உடம்பு கெஞ்சும். ஆனால் வண்டி தாடிக்கொம்பு ரோட்டுக்குத்தான் திரும்பும். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், சன்னலோரக் கட்டிலில் அவளுடைய அப்பா முனியப்பன் கிடந்தார்.

நத்தம் பக்கம் மாந்தோப்பும் கத்தரிக்காடுமாக வெயிலிலேயே காய்ந்த மனுசர். முதலில் மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தார், பிறகு சாப்பிடவே மறந்தார். எப்போதோ விற்ற மாட்டைத் தேடிக்கொண்டு ரோட்டில் நடந்தார். ஒருநாள் வரப்பில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேசன் செய்தும் எழுந்திருக்கவில்லை. நாகஜோதி குடியிருப்பது மாடியில் ஓர் அறை. கிரைண்டருக்குப் போக மிச்சமிருக்கிற இடத்தில் அவளும் புருசன் ராமரும் ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும். அண்ணன் சுருளிவேல் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் வீட்டிலும் பகலில் ஆள் இல்லை. அதனால்தான் இல்லம்.

சேர்த்த அன்று, "பொறுப்பாளர் யாரும்மா?" என்று கேட்டார்கள். அண்ணன் பேரைச் சொன்னது நாகஜோதிதான். மூத்த ஆம்பளப் பிள்ளை இருக்கும்போது வேறு பேர் அவள் வாயில் வரவில்லை.

ஐப்பசி மழையோடு அப்பாவுக்கு விழுங்குவதும் நின்றுபோனது. ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டே படுத்திருப்பார். இல்லத்திலிருந்து திருப்பூருக்குப் போன் போட்டார்கள். "மூக்குல குழாய் போட்ருங்க சார்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். மறுநாள் நாகஜோதி வந்து பார்த்தபோது குழாய் இருந்தது. அப்பா அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால் இரண்டு கைகளையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். அந்தக் கட்டை அவிழ்க்கவேண்டும்.

அடுத்த கட்டிலில் முகமது பாரூக் என்கிற பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் வந்தாலே பேச்சுக் கொடுப்பார். "ஏம்மா, ஒங்க அத்தா என்னைய நாள் பூரா வேலை வாங்குறாரும்மா. தண்ணியத் திருப்பி விடு, திருப்பி விடுங்கறாரு. நானும் விட்டாச்சுய்யா, கத்தரிக்கு நெறஞ்சிருச்சுன்னு சொல்லிருவேன்."

"கூலியக் கேட்டு வாங்குங்க பாய்."

"கையக் கட்டிப் போட்டுட்டாகளே, எப்படிக் குடுப்பாரு?" என்றார். சொன்ன பிறகு அவரே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் அந்தோணிராஜ் சுற்றி வந்த அன்று அவள் மறித்துக்கொண்டு கேட்டாள். "குழாய எடுத்துருங்க சார். நான் தெனமும் வந்து ஊட்டுறேன்."

"ஊட்டலாம்மா. இந்த நோய்க்குக் கையால ஊட்டுறதும் ஒரு வழிதான். ஆனா ஒங்க அண்ணன் சொல்லணும்."

"நான் மக இல்லையா சார்?"

"மகதான். இன்னைக்கு நீங்க எடுக்கச் சொல்லி, நாளைக்கு அவர் வந்து ஏன் எடுத்தீங்கன்னு சட்டையப் பிடிச்சா நான் என்ன பண்றது? ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சொல்லுங்க."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆளாளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை அயரவைத்தது. வெளியே வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்துகொண்டு திருப்பூருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கையக் கட்டிப் போட்டிருக்காகண்ணே. பாக்க முடியல."

"சின்னப் பிள்ளைக்கு ஊசி போட்டா கையப் பிடிச்சுக்கிறதில்லையா? அப்படி நெனச்சுக்க."

"குழாய எடுத்துட்டு நான் ஊட்டிப் பாக்கட்டா?"

"பொரையேறி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஏ ஜோதி, தையில சுகன்யா கல்யாணம். இப்ப அப்பாவுக்கு ஒண்ணுன்னா அம்புட்டும் நின்னுபோகும். மாப்பிள்ள வீட்டுல வருசம் பூராக் காத்துக் கெடப்பாகளா? அது முடியட்டும் தாயி. பெறகு நீ சொல்றதக் கேக்குறேன்."

பின்னாலிருந்து மதினி ஆனந்தியின் குரல் கேட்டது. "மாவு விக்கிறவுக டாக்டராயிட்டாக போல."

நாகஜோதி போனை அணைத்தாள். அண்ணன் மகள் சுகன்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளே அவள்தான். அந்தப் பிள்ளை கல்யாணம் நிற்கவேண்டும் என்று அவள் நினைப்பாளா? போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் மணிக்கட்டில் தேங்காயெண்ணெய் தடவினாள். கட்டுத்துணி உராய்ந்து அங்கே தோல் கன்றிப்போயிருந்தது. தினமும் இதைத்தான் செய்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்க முடியாது. அதனால் கார்த்திகையிலேயே சுருளிவேல் ஊருக்கு வந்தான். முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது பெற்றவருக்கு. தாய்மாமன் வீட்டுக்குக்கூட அதற்குப் பிறகுதான். குலசாமி கோயிலில் வைத்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு நேராக இல்லத்துக்கு வந்தான். வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி துண்டு, மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினான். நாகஜோதியும் கூட நின்றாள்.

போனில் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அப்பாவின் முகம் மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது அவன் கண் கம்பியில் போய் நின்றது.

"ரெண்டு கையாலதான் வாங்கணும்" என்றான், யாரிடம் என்றில்லாமல். "சிஸ்டர், கொஞ்சம் அவுத்து விடுங்க."

நர்ஸ் தமிழ்மதி தயங்கினாள். "அவுத்தா இழுத்துருவாரு சார்."

"நான் இருக்கேன்ல. எங்க அப்பா சபையில தட்ட வாங்குறவரு. தட்டப் பாத்தா அவருக்குத் தெரியும்."

தமிழ்மதி இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தாள். முனியப்பனின் கைகள் கொஞ்ச நேரம் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பிறகு மெல்ல எழும்பின. சுருளிவேல் குனிந்து தட்டை நீட்டினான். "அப்பா, சுகன்யாவுக்குக் கல்யாணம்ப்பா. ஒங்க பேத்திக்கு. வாங்கிக்கங்க."

கைகள் தட்டுக்கு மேலே வந்தன. நாகஜோதிக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்தது. ஆனால் அவை தட்டைத் தாண்டி நேராக மூக்குக்குப் போயின. ஒரே இழுப்பு. அவர் முழங்கை பட்டுத் தட்டு கவிழ்ந்தது. வெற்றிலையும் பழமும் தரையில் சிதறின. மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. சுருளிவேல் பாய்ந்து அவர் கைகளைப் பிடித்தான்.

"விடுறா" என்றார் முனியப்பன். ஐப்பசியில் குழாய் போட்ட பிறகு அவர் மகன் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மகன் என்று தெரிந்து சொன்னாரோ, யாரென்று நினைத்துச் சொன்னாரோ.

அவன் விடவில்லை. விட்டால் மூக்கைக் கிழித்துக்கொள்வாரோ என்று பயந்தான். எலும்பும் தோலுமான அந்தக் கைகள் அவன் பிடிக்குள் திமிறிக்கொண்டே இருந்தன. அவன் உள்ளங்கை முழுக்கத் தேங்காயெண்ணெய் பிசுபிசுத்தது. வியர்த்து நெற்றித் திருநீறு ஒழுகியது. ரத்தம் நின்றபிறகுதான் அவர் தளர்ந்தார்.

டாக்டர் அந்தோணிராஜ் அன்று கீழ்த்தளத்தில் இருந்தார், கூப்பிட்டதும் வந்தார். மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு பேரையும் நிற்கவைத்து நிதானமாகச் சொன்னார்: "மறுபடி போடலாம். போட்டா மறுபடி கட்டணும். குழாய் இருந்தாலும் பொரையேறாதுன்னு சொல்ல முடியாது. கையால ஊட்டுனா கொஞ்சமாத்தான் எறங்கும். நாளாக நாளாக மெலிவாரு. எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது."

தமிழ்மதி கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கட்டவா சார்?"

சுருளிவேல் குனிந்தான். தரையில் கிடந்த பத்திரிகையை எடுத்து வேட்டியில் துடைத்தான். பிறகு தங்கையைப் பார்த்து, "நீ சொல்லு ஜோதி" என்றான்.

எத்தனை நாளாக இதற்குத்தான் மன்றாடினாள்! கையில் வந்ததும் அது அரிசி மூட்டை மாதிரி கனத்தது. தைக்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் சாகிறவரைக்கும் அவள் சொன்னதுதான் பழியாக நிற்கும். மதினி சொல்வாள், சொந்தபந்தம் சொல்லும், நாளைக்குச் சுகன்யாவேகூடச் சொல்லலாம். அண்ணன் பெருந்தன்மையாகக் கொடுக்கிறானா, சுமக்க முடியாமல் இறக்கி வைக்கிறானா என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. விடியுமுன்பிருந்து நின்றபடியே இருக்கிற கால்கள் கடுத்தன.

"வேணாம் சார்" என்றாள். "நான் ஊட்டுறேன்."

டாக்டர் சுருளிவேலைப் பார்த்தார். "நீங்க?"

"அவ சொன்னதுதான் சார்."

"அப்ப இனிமே யாருக்குப் போன் பண்ண?"

"அவளுக்குப் பண்ணுங்க. எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அவன் வராந்தாவுக்குப் போய்ச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டான். குரல் உள்ளே வரை கேட்டது. "...இல்லீங்க சம்பந்தி, இருக்காரு, இருக்காரு. கார்த்திகை முடியுறதுக்குள்ள ஒரு முகூர்த்தம் இருக்கு, கோயில்ல வச்சுத் தாலிய மட்டும் கட்டிருவமா? மண்டபத்துல விருந்த தையிலயே வச்சுக்குவோம்... சரிங்க, வீட்டுல கலந்துக்கிட்டே சொல்லுங்க."

நாகஜோதி கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். இல்லத்துக் கஞ்சியைக் கட்டியில்லாமல் கரண்டியால் மசித்தாள். நுனிக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அப்பா உள்ளே வாங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. இருமல் வந்தது, முதுகைத் தடவினாள். அடங்கியது. அடுத்ததற்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சுருளிவேல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "அம்புட்டுத்தானா? இன்னொரு வாய் குடு ஜோதி. ஒரே ஒரு வாய். ரெண்டு கரண்டியில மனுசன் எப்படி இருப்பாரு?"

"போதும்ண்ணே" என்றாள். "அவரு வேணாங்கறாரு."

அண்ணன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கஞ்சி முக்கால்வாசி அப்படியே இருந்தது.