மருமவன் வந்துட்டாரா

அன்று பாறை மேல் இருந்தது மூன்று பேர்: கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடப் போன நான், துணைக்கு வந்த அப்பா, மரவள்ளி ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர். இல்லாதவர் என் அக்காவின் கணவர். அவர் இல்லாததால்தான் அந்தப் பேச்சே வந்தது.

மலைமேல் கரியாலூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பாறையில் மட்டும்தான் நெட் கிடைக்கும். அதுவும் அதற்குத் தோன்றினால். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம மருமவன் மாதிரிடா. எப்பவாச்சும் வரும். வந்தாலும் எல போடறதுக்குள்ள கெளம்பிடும்."

டிரைவர் சிரித்துச் சிரித்து இருமினார். நெட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். ஊரில், "மருமவன் வந்துட்டாரா?" என்று கேட்டால், "இப்பதான் கோச்சிக்கினு போனாரு" என்பார்கள். அந்தப் பெயர் லாரியேறி மலை இறங்கியும் போயிருக்கிறது. சில மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் ரீசார்ஜ் கடைக்காரர் என்னிடமே கேட்டார்: "இன்னா தம்பி, ஒரு மாசத்துக்கு மருமவன் போட்டுடட்டா?" எங்கள் அப்பா சொன்ன வார்த்தை அது என்றேன். அவர் நம்பவில்லை. "அது ஆத்தூர் பக்கத்துப் பேச்சு தம்பி."

மச்சானும் கள்ளக்குறிச்சியில்தான் வாடகைக்கு மினி லாரி ஓட்டுகிறார். வார்த்தை பிறந்த கதையை அந்த டிரைவரே அவரிடம் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அவர் வரவில்லை, அக்காவையும் அனுப்பவில்லை.

"பொண்ண பொறந்த வூட்டுக்கு வராம பண்ணிட்டியே" என்ற அம்மா, அதன்பின் அப்பாவிடம் பேசவே இல்லை.

நானும் அப்பாவும் பஸ் ஏறி மச்சான் வீட்டுக்குப் போனோம்.

"ஒரு வெளையாட்டுக்குச் சொன்னது மாப்ள" என்றார் அப்பா.

"ஏன் சாப்படாம ஓடறேன்னு ஒரு வாட்டி கேட்டீங்களா மாமா? சவாரி எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்புலதான் வருது. ஒங்க வூட்ல குந்திக்கினு இருந்தா அன்னைக்கு வருமானம் போச்சு."

அக்கா உள்ளிருந்து சொன்னாள்: "அங்க நெட்டு இருந்தா ரெண்டு நாளுகூட இருப்பாருப்பா."

திரும்பும்போதே ஒரு பழைய போன் வாங்கினோம். அதை பவர் பேங்கோடு சேர்த்து, கூரைக்கு மேல் உயர்த்திய மூங்கில் நுனியில் கட்டி, ஹாட்ஸ்பாட் போட்டேன். அந்த உயரத்தில் சிக்னல் பிடித்தது; கீழே, வாசல்வரை நெட் வந்தது.

அடுத்த மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். மச்சான் ரசம்வரை சாப்பிட்டார். அப்பா மூங்கிலைப் பார்த்து, பழக்கத்தில், "மருமவன் இருக்காரா?" என்று என்னைக் கேட்டுவிட்டார். அம்மா கரண்டியோடு நின்றாள்.

மச்சான் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "ரெண்டு பேருமே இருக்கோம் மாமா."

போன், பவர் பேங்க், சிம், கட்டுக்கம்பி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆனது.