பழைய டிஸ்க்கில் அக்கா

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் கிறிஸ்தவச் சனத்துக்கென்று ஒரு கல்யாணத் தரகு ஆபீஸ் இருந்தது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே பெண், மாப்பிள்ளை விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மாவை எல்லாரும் மேடம் என்பார்கள். பூசைக்கு முதல் வரிசையில் முட்டி போடுவார். வாயைத் திறந்தால் தேள் கொட்டும்.

என் அக்காவின் விவரமும் அங்கே இருந்தது. முப்பத்திரண்டு வயது. ஆங் மோ கியோவில் தொழிற்சாலை வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கறிபாப் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி. இப்போது ஈசூனில் ஒரு டெக்னீஷியன் பையனுக்குத் தேடுகிறார்கள், அக்காவின் விவரத் தாளை அனுப்புகிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். அக்கா அதை நம்பி, புதுப் புடவைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற, கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பாய் வந்தார். நிதானமான மனிதர். கைவைக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, "ஏதாச்சும் போச்சுன்னா இதுல இருக்கும்" என்று பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தார். பிறகு, எந்தெந்தக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை எழுத்து இடம் என்ற அமைப்பை மட்டும் தனிக் கோப்பாக எடுத்தார். பெயர், பிறந்த வருடம், உயரம், நிறம், சாதி, கோயில்.

"கிறிஸ்தவங்களுக்கும் சாதி வேணுமா மேடம்?" என்றார் பாய்.

"ஞானஸ்நானத் தண்ணிய தலையிலதானே ஊத்துறாங்க, வேர்லயா ஊத்துறாங்க? நீங்க வேலயப் பாருங்க பாய்."

அடுத்தது ஆட்கள். எல்லாரையும் எடுத்துவிடலாமா என்று பாய் கேட்டார். "பொண்ணுங்கள்ல முப்பது தாண்டினது வேணாம்," என்றார் மேடம். "விக்காத சரக்க யாராச்சும் புதுக் கடைக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

"அதுல எங்க அக்கா இருக்காங்க மேடம்," என்றேன்.

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாயிடம் அக்காவின் விவரத்தைத் திரையில் கொண்டுவரச் சொல்லி, என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அக்காவின் பெயரை அழித்து என் பெயரைத் தட்டினார். பிறந்த வருடத்தை மாற்றினார். "அப்பன் அதே அப்பன், கோயில் அதே கோயில், வீடும் அதே வீடு. மிச்சம் அப்படியே இருக்கட்டும் லா." பாய் திரையைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். மேடம் அங்கிருந்தே எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, ஈசூனுக்கு என் தாளையே அனுப்புவதாக அம்மாவிடம் பேசி முடித்தும்விட்டார்.

வீட்டுக்குப் போய் நான் கோபத்தில் குதித்தேன். "ஒண்ணாவது கரையேறட்டுமே," என்றார் அம்மா. அக்கா தனக்குத் தைத்த பிளவுஸை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து எனக்குக் கொடுத்தாள். "பழைய டிஸ்க்ல நீ இன்னும் இருக்கேக்கா, யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுத்துடலாம்," என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஈசூன்காரர்கள் வந்தார்கள். கறிபாப் தட்டைக் கொண்டுவந்து வைத்த அக்காவைப் பார்த்து, இது யார் என்று பையனின் அம்மா கேட்டார்.

"பெரியவ. இவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல. கன்னியாஸ்திரியாப் போகணுங்கிறா," என்றார் என் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வாய் கூசாத பொய்.

"பொய்," என்றேன். "அக்காவுக்கு இஷ்டம் இருக்கு. உங்களுக்கு முதல்ல வர வேண்டியது அக்காவோட தாள்தான்."

பையன் கறிபாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பி, "வயசு என்னம்மா?" என்றார்.

"முப்பத்திரெண்டு ஆன்ட்டி."

"பாத்தா அப்படித் தெரியல."

அக்காவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"கூடத்தான் தெரியுது," என்றார் அந்த அம்மா. கறிபாப்பைத் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அக்கா என்னிடம், "உன்ன யாரு வாயத் தெறக்கச் சொன்னா? கன்னியாஸ்திரின்னு நெனச்சிட்டாவது போயிருப்பாங்க," என்றாள். அழவில்லை. தட்டுகளை அடுக்கினாள். பிறகு, "அந்த டிஸ்க்கக் கொண்டா," என்றாள்.

மறுநாள் பிஸ்கட் டின்னிலிருந்து அதை எடுத்துக் கைப்பையில் போட்டு வந்தேன். அதில் முப்பது தாண்டிய மற்ற பெண்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்டு யார் வந்துவிடப்போகிறார்கள்? அக்கா மீன் வெட்டும் கத்தரிக்கோலால் உறையை நறுக்கி உள்ளேயிருந்ததை வெளியே இழுத்தாள். பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஒரு வட்டத் தகடு. விளக்குக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயா நான் இருந்தேன்?" என்று கேட்டாள்.